அந்தப் பாட்டு போர்வெறிப் பாட்டு இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஹெவி மெட்டல் இசையைப் பற்றி, அதாவது மின் கிட்டாரும் டிரம்மும் பெருஞ்சத்தமாக முழங்கும் ராக் இசையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெறும் இரைச்சல், வன்முறையைத் தூண்டுவது, நம் பிள்ளைகளுக்கு ஆகாதது என்று கட்டுரையாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அந்த இசை பிடிக்கவில்லை என்றால் சரி, காது அவரவருடையது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தன் கட்சிக்குச் சாட்சியாக அவர் எடுத்துக் காட்டியிருக்கும் பாட்டு மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 'ஒன்'. தொடக்கத்தில் துப்பாக்கிச் சத்தமும் குண்டுச் சத்தமும் கேட்கிறது, அதனால் அது போர்வெறிப் பாட்டு என்கிறார். இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. போரை இந்த அளவுக்கு வெறுக்கும் வேறொரு பாட்டை நான் கேட்டதே இல்லை, அதிலும் பர்மாவில் இருந்துகொண்டு அதைக் கேட்பவனுக்கு அது என்ன செய்யும் என்று உங்கள் வாசகர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். டால்டன் டிரம்போ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938-இல் எழுதிய 'ஜானி காட் ஹிஸ் கன்' என்ற நாவல்தான் அதன் வேர். புத்தகம் வெளிவந்தது 1939 செப்டம்பர் 3, இரண்டாம் உலகப் போர் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. கதை நடப்பது அதற்கு முந்தைய போரில். ஜோ போன்ஹாம் என்ற பையன், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன், முதல் உலகப் போருக்குப் போகிறான், பதுங்குகுழியில் இருக்கும்போது பீரங்கிக் குண்டு விழுகிறது. நாவல் ஆரம்பிக்கும்போது அவன் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறான், எங்கோ ஒரு தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருப்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது, யாராவது எடுக்கக் கூடாதா என்று இருக்கிறது. அது அவன் அப்பா செத்த ராத்திரி தொழிற்சாலையில் அடித்த மணி, இப்போது நினைவில் மட்டும் அடிக்கிறது. தனக்குக் காது கேட்கவில்லை என்பது முதலில் புரிகிறது. பிறகு ஒரு கை இல்லை, மறு கையும் இல்லை, கால்கள் இல்லை, கடைசியில் முகமே இல்லை, கண் வாய் மூக்கு ஒன்றும் இல்லை என்பது ஒவ்வொன்றாகப் புரிகிறது. மூளை மட்டும் துளிக்கூடக் கெடாமல் இருக்கிறது.

இதை மட்டும் கேட்டால் பயங்கரக் கதை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கு அந்த நாவலில் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு அவன் செய்கிற வேலைகள். நேரம் என்ன என்று தெரியாத இருட்டில் கிடப்பவன் நேரத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறான். நர்ஸ் நடந்து வரும் அதிர்வு கட்டில் வழியாக முதுகுக்கு வருகிறது, ஒரு நாளைக்கு அவள் எத்தனை தடவை வருகிறாள் என்று எண்ணுகிறான், எண்ணிக்கை தவறிப் போகிறது, மறுபடி எண்ணுகிறான். பிறகு ஒரு யோசனை வருகிறது. கழுத்துத் தோல் இன்னும் மிச்சம் இருக்கிறதே, விடியும்போது காற்றின் சூடு மாறுமே, அந்த மாற்றத்தைக் கழுத்தால் பிடித்தால் போதாதா என்று விழித்துக் காத்திருந்து பிடித்துவிடுகிறான். சூரியன் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்ட அந்த இடத்தில் அவனுக்கு வரும் சந்தோஷத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன், மேலே போக முடியவில்லை. கண்ணில்லாத ஒருவன் ஒரு விடியலைக் கண்டுபிடித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்படுகிறான் என்றால் அவனிடமிருந்து என்னவெல்லாம் பிடுங்கப்பட்டது என்பதை வேறு எந்த வர்ணனையாலும் சொல்லிவிட முடியாது.

இடையில் பெரிய அதிகாரிகள் வந்து அவன் மார்பில் ஒரு பதக்கத்தைக் குத்திவிட்டுப் போகிறார்கள். கட்டிலில் வரும் கனமான அதிர்வுகளை வைத்துத்தான் அவனுக்கு அது தெரிகிறது.

அப்புறம் மோர்ஸ். சின்ன வயதில் நண்பனோடு தந்திக் குறியீடு படித்தது நினைவுக்கு வருகிறது. தலை ஒன்றுதான் அசையும், அதைத் தலையணையில் அடித்து அடித்து எஸ்.ஓ.எஸ். என்று உதவி கேட்டு அனுப்புகிறான். வலிப்பு என்று நினைத்து ஊசி போட்டுத் தூங்க வைக்கிறார்கள். வேறொரு நர்ஸ் வருகிறாள், அவள் அவன் மார்பில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறாள், இந்த உடம்புக்குள் ஆள் இருக்கிறான் என்று புரிந்துகொண்ட முதல் மனுஷி அவள்தான். அவள் மூலமாக விஷயம் தெரிந்து ஒருவர் வந்து அவன் நெற்றியில் தட்டிக் கேட்கிறார், உனக்கு என்ன வேண்டும் என்று. என்னை வெளியே கொண்டுபோங்கள், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊர் ஊராகக் காட்டுங்கள், பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோங்கள், சட்டம் போடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், போர் என்றால் இதுதான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்கிறான். பதில் வருகிறது: நீ கேட்பது விதிமுறைக்கு விரோதம். அவ்வளவுதான். மறுபடி மருந்து கொடுக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, என்னைக் காட்டுங்கள் என்று. ராணுவம் மறுத்தது. நாவல் வந்து 49 வருஷம் கழித்து, 1988-இல், தலைமுடி வளர்த்த நாலு வாலிபர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், உலகத்தின் எத்தனையோ ஊர் மைதானங்களில் லட்சக்கணக்கான பேர் முன்னால் அவனைக் கொண்டுபோய் வைத்தார்கள், இன்றைக்கும் வைக்கிறார்கள். மெட்டாலிகா செய்த வேலை அதுதான். அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் வன்முறை என்கிறார்.

பாட்டை எழுதியவர்கள் அந்தக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் லார்ஸ் உல்ரிக்கும். 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' என்ற ஆல்பத்தில் வந்தது, ஏழரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டுரையாளர் அந்தத் தொடக்கச் சத்தத்தோடு நிறுத்திவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அது ஓய்ந்ததும் வருவது சுத்தமான, மெதுவான, தனியான ஒரு கிட்டார், யாரும் அதைக் கேட்டு இரைச்சல் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, அந்தத் தொடக்கத்தில் ஹெலிகாப்டர் சத்தமும் உண்டு. முதல் உலகப் போரில் ஏது ஹெலிகாப்டர்? நாவலின் காலத்தை விட்டு வெளியே வந்து எந்தப் போருக்கும் பொருந்தும்படி முதல் சில நொடிகளிலேயே செய்துவிடுகிறார்கள். பிறகு குரல் வருகிறது, எதுவும் நினைவில்லை, இது கனவா நனவா தெரியவில்லை என்கிற மாதிரி தாழ்ந்த குரல். பல்லவியில் கிட்டார்கள் கனத்து விழுகின்றன, சாவு வராதா என்று கேட்கும் இடம் அது, உடனே மறுபடி அமைதிக்குத் திரும்பிவிடுகிறது. கனம், அமைதி, கனம், அமைதி. விழிப்பதும் மருந்தில் மூழ்குவதுமாக ஜோ கிடக்கிற கிடப்பை வார்த்தையே இல்லாமல் காட்டுகிறார்கள்.

நாலு நிமிஷத்துக்கு மேல் போனதும் பாட்டு மாறுகிறது. உல்ரிக் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை விட்டு விட்டுச் சரமாக அடிக்கிறார், கிட்டார்களும் அதே அடியில் சேர்ந்துகொள்கின்றன. இயந்திரத் துப்பாக்கி என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான், அப்படித்தான் கேட்கிறது. ஆனால் நாவலைப் படித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சேர்ந்தாற்போல் சில அடி, ஒரு இடைவெளி, மறுபடி சில அடி. எனக்கு அதில் தலையணையில் மோதுகிற தலையும் கேட்கிறது. அவனை அழித்த துப்பாக்கியும் அவன் உதவி கேட்கிற தட்டலும் ஒரே தாளத்தில் வந்து நிற்கின்றன. இசைக்காரர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, என் காதில் அப்படித்தான் விழுகிறது, அந்தக் கட்டத்தில் நான் இதுவரை ஒரு தடவைகூட அசையாமல் உட்கார்ந்ததில்லை. அதற்குப் பிறகு வரும் கிர்க் ஹாமெட்டின் தனிக் கிட்டார் வாசிப்பைப் பற்றி கிட்டார் வாசிப்பவர்கள் எழுதட்டும்.

இந்தப் பாட்டுக்கு 1989-இல் எடுத்த வீடியோதான் அந்தக் குழுவின் முதல் மியூசிக் வீடியோ. டிரம்போவே தன் நாவலை 1971-இல் படமாக எடுத்திருந்தார், கான் விழாவில் விருது வாங்கிய படம், அதன் காட்சிகளை வீடியோ முழுக்க இடையிடையே சேர்த்திருக்கிறார்கள். முகமூடி போட்ட அந்த உருவம் தலையை மோதிக்கொண்டே இருப்பதைக் கோடிக்கணக்கான இளைஞர்கள் பார்த்தார்கள். மெட்டல் பாட்டுக்கென்று அமெரிக்காவின் கிராமி இசை விருதில் 1990-இல் தனிப் பிரிவு வந்தபோது முதல் விருது இதற்குத்தான் போனது. டிரம்போ இதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் விசாரணைக் குழு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்து 1950-இல் சிறைக்குப் போன மனிதர் அவர், வெளியே வந்த பிறகும் பல வருஷம் தன் பெயரைப் போட்டு ஒரு படம் எழுத முடியவில்லை, அடுத்தவர் பெயரில் எழுதியதற்கு ஆஸ்கார் கிடைத்தது.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயமே. நாவலில் ஜோவைச் சிதைப்பது பீரங்கிக் குண்டு. பாட்டில் அப்படி இல்லை. கடைசிப் பகுதியில் என் பார்வையை, பேச்சை, காது கேட்கும் சக்தியை, கைகளை, கால்களைப் பறித்தது கண்ணிவெடி என்று பாடுகிறார்கள். அமெரிக்காவில் கேட்பவர்களுக்கு இது சின்ன மாற்றமாக இருக்கலாம், கவனிக்காமல்கூடப் போகலாம். பர்மாவில் கேட்பவனுக்கு அந்த ஒரு வரி முழுப் பாட்டையும் அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பீரங்கி நின்றால் குண்டும் நிற்கும். கண்ணிவெடி அப்படி நிற்பதில்லை. புதைத்தவன் ஊரை விட்டுப் போயிருப்பான், செத்தும் போயிருப்பான், அது மண்ணுக்குள் இருக்கும், மூங்கில் வெட்டப் போகிறவன் காலுக்கும் மாடு மேய்க்கிற பையன் காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உலகக் கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கையின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இந்த நாட்டில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 1,003 பேர், உலகத்திலேயே அதிகம். பதிவானது மட்டும்தான் இது. கண்ணிவெடியைத் தடை செய்யும் 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்த நாடு இன்னும் சேரவில்லை.

என் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், எனக்குத் தம்பி முறை. மௌல்மீனுக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் தோட்டத்திலும் வயலிலும்தான் இருக்கிறார்கள். பந்தலுக்கு மூங்கில் வேண்டும் என்று காட்டு ஓரம் போனவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் எந்தப் படையிலும் இருந்ததில்லை. பா-ஆன் ஊரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு நடக்கும் மறுவாழ்வு மையத்தில் மாவுக்கட்டு வைத்து அச்செடுத்துப் பிளாஸ்டிக் கால் செய்து கொடுத்தார்கள், அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும், இப்போது அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறான், மரம் ஏறுவதில்லை, பால் மட்டும் வெட்டுகிறான். மழைக்காலத்தில் இல்லாத கால் விரல் அரிக்கிறது என்பான்.

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் இந்தக் கதையை முழுக்கத் தமிழில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். விடியலைக் கழுத்தால் பிடித்த இடத்தில் மட்டும் "அப்பாடா" என்றான். விதிமுறைக்கு விரோதம் என்று பதில் வந்த இடத்தில், "ஏண்ணே, அவன் காசா கேட்டான்? நம்மளப் பாருங்கன்னுதானே கேட்டான்?" என்றான். பிறகு போனில் பாட்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டேன். முழுசாகக் கேட்டான். பிடித்ததா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, மறுநாள் அவனாகவே திரும்பப் போடச் சொன்னான்.

இந்த இசை நம்முடையது இல்லை என்கிறார் கட்டுரையாளர். நம்முடையது எது என்று பார்ப்போம். நான் இங்கே கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், புறநானூற்றில் சில பாட்டுகளையும் சொல்லிக் கொடுப்பேன். 279-ஆம் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. நேற்றைய போரில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்றும் போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளை உடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அற்புதமான கவிதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் இங்கே கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து, 18 வயதிலிருந்து 35 வயது வரை ஆண்பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை, அந்தப் பாட்டை வகுப்பில் நடத்த எனக்கு வாய் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதினேழு வயது.

அதற்குப் பதிலாக 281-ஆம் பாட்டை நடத்துகிறேன். அரிசில் கிழார் பாடியது, மேடைகளில் யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. போரில் புண்பட்டு ஒருவன் வீட்டில் கிடக்கிறான். வீட்டுக் கூரை இறவாரத்தில் இரவ மரத்து இலையையும் வேம்பையும் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள், யாழ் வாசிக்கிறார்கள், பல வாத்தியங்கள் முழங்குகின்றன, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அந்தப் புண்ணைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியைக் கூப்பிடுகிறாள். புண்பட்டவனைத் தனியாக விடாமல் அவனைச் சுற்றி உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பது இரண்டாயிரம் வருஷமாக நம் பாட்டில் இருக்கிறது. 'ஒன்' பாட்டை நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். வாத்தியம் வேறு, சத்தம் பெரிது, ஆனால் அதுவும் ஒரு கட்டிலைச் சுற்றி நின்று வாசிப்பதுதான்.

சத்தம் பெரிது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜோவால் கத்த முடியாது, அவனுக்கு வாய் இல்லை. அவனுக்காக யாராவது கத்தத்தானே வேண்டும்? மெல்லிசையில் இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான் என்று நினைக்கிறேன். இந்தப் பாட்டு அப்படி விடுவதில்லை. கடைசி இரண்டு நிமிஷம் மூச்சு விட இடம் கொடுக்காமல் போய் சட்டென்று நின்றுவிடுகிறது, சமாதானமாக ஒரு முடிவு கிடையாது, நாவலிலும் கிடையாது.

பர்மாவில் ராக் இசை ஒன்றும் புதிது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அயர்ன் கிராஸ் மாதிரிக் குழுக்கள் வெளிநாட்டு மெட்டுகளுக்குப் பர்மியச் சொல் போட்டுப் பாடி இந்த நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனார்கள், தேநீர்க் கடைகளில் கேசட் ஓடிய காலத்திலிருந்து எங்கள் தமிழ்ப் பையன்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அவர்களில் யாரும் அதனால் கெட்டுப் போய்த் துப்பாக்கி தூக்கியதாக நான் பார்க்கவில்லை.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். அந்தப் பாட்டை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் ஒரு தடவை கேளுங்கள், பிறகும் போர்வெறிப் பாட்டு என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள், நானும் பதில் எழுதுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது வேறு. இந்த நாவல் 1940-இல் அமெரிக்காவில் ஒரு நாளிதழில் தொடராகவே வந்தது. உங்கள் இதழிலும் உரிமை வாங்கித் தமிழில் தொடராக வெளியிடலாம். ஞாயிறு தோறும் ஒரு பக்கம் போதும். டிரம்போ பெரிய பெரிய வாக்கியங்களாக எழுதியிருக்கிறார், கமா எங்கேயும் போட மாட்டார், பேச்சு வழக்கில் ஓடுகிற எழுத்து, அதனால் மொழிபெயர்ப்பவர் இலக்கணம் பார்த்து இஸ்திரி போடாமல் இருக்க வேண்டும். இணையத்தில் உங்கள் இதழ் இங்கேயும் கிடைக்கிறது, தொடர் வந்தால் வாரா வாரம் அச்செடுத்து வகுப்பில் வாசிப்பேன், தோட்டத்துக்கு ஒரு பிரதி தம்பிக்கும் போகும். அவன் தமிழ் நன்றாகப் படிப்பான்.

கடிதத்தைப் போடும்போது என் பெயரைப் போட வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயர் போடலாம்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
மௌல்மீன், பர்மா